வாரிசுக்கு வரும் ரைபிள்: உரிமம் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

துப்பாக்கிகளில் ஈடுபாடு கொண்ட பலருக்கு முதல் ரைபிள் கடையிலிருந்து வருவதில்லை. தாத்தாவோ அப்பாவோ உரிமத்துடன் வைத்திருந்து விட்டுச் சென்றதாகவே அது வருகிறது. வீட்டையும் நிலத்தையும் போல அதுவும் தானாகவே தமக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உரிமம் இறந்தவரின் பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்துவிட்டது. புதிய உரிமம் இல்லாமல் அந்த ரைபிளை வீட்டில் வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுச் சிறை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் .315 ரைபிள் (குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண் இது) ஒன்று பழைய வேட்டியில் சுற்றப்பட்டு, பீரோவின் அடித்தட்டில் ஏழு மாதம் கிடந்தது. மகன் அசட்டையாக இருந்துவிடவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே காவல் நிலையத்துக்குப் போனார். ஆட்சியர் அலுவலகக் கடிதம் இல்லாமல் துப்பாக்கியை வாங்க முடியாது என்றார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால், முதலில் ஒப்படைத்து ரசீதைக் கொண்டுவரச் சொன்னார்கள். இப்படி நான்கு முறை அலைந்தவரிடம், சட்டத்தின் 21-ஆம் பிரிவு காவல் நிலையத்தை மட்டுமல்லாமல் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரையும் குறிப்பிடுகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்.

ஆகவே முதல் வேலை விண்ணப்பம் அல்ல, ஒப்படைப்புதான். அதற்கும் முன்பாக, உரிமதாரர் இறந்த தேதி, உரிம எண், துப்பாக்கியின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒப்படைக்கத் தயாராக இருப்பதாகக் காவல் நிலையத்துக்கும் உரிமம் வழங்கும் அலுவலருக்கும் ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள். பின்னால் யாராவது ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், அந்தச் சீட்டைத் தவிர உங்களிடம் காட்ட வேறொன்றும் இருக்காது. எப்படி, யார் எடுத்துவர வேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே துப்பாக்கியை வெளியே எடுங்கள்; உரிமம் இல்லாதவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போவது இன்னொரு குற்றமாகிவிடும். ரசீதில் உள்ள எண்ணை உரிமப் புத்தகத்தோடு மட்டுமல்லாமல், துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டாக்களின் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும். கடையில் ஒப்படைப்பதானால் மாத வாடகையை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது, ஏனெனில் குறித்த காலத்துக்குள் மீட்கவோ விற்கவோ செய்யாத ஆயுதம் அரசுடைமையாகிவிடும்.

அடுத்தது விண்ணப்பம். 2016 ஆயுத விதிகளில் 25-ஆவது விதி வாரிசுகளுக்கானது. அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மனு புதிய உரிமம் கேட்பவர்களின் மனுக்களோடு சேர்ந்து, உயிருக்கு என்ன ஆபத்து என்ற கேள்வியோடு திரும்பி வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி ஆகியவை வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தடைபடுவது இந்த மூன்றாவதில்தான். திருமணமாகிப் போன அக்காவின் கையெழுத்து எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

தகுதியில் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் முன்பு மூன்றாக இருந்து, 2019 திருத்தத்தில் இரண்டாகக் குறைந்துவிட்டன. பரம்பரையாக வருவதும் அந்தக் கணக்கில் சேரும். ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் சேகரிப்பாளருக்கு அப்பாவின் ரைபிள் மூன்றாவதாகக் கிடைக்காது. அது தம்பியின் பெயருக்கோ விற்பனைக்கோதான் போக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினருக்கு உள்ள விலக்கு, இலக்குப் பயிற்சிக்கான .22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் மட்டுமே. மூன்றாவது, துப்பாக்கியின் வகை. .315 என்றால் மாவட்ட அளவில் முடியும். அதுவே இராணுவத் தோட்டாவுக்கான .303 என்றால் அது தடைசெய்யப்பட்ட வகை. மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவு செய்யும். இதைச் சொல்லாமலே மாதக்கணக்கில் மனுவை வைத்திருந்து திருப்பியனுப்பும் அலுவலகங்கள் உண்டு. ஆகவே, குழலில் என்ன பொறித்திருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். சட்டத்தின் 45-ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்குத்தான். நூறு வயதானாலும் குழலும் விசையும் வேலை செய்தால் அது துப்பாக்கிதான்.

போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை என்ற பதிலைத்தான் நீங்கள் அதிகம் கேட்கப் போகிறீர்கள். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால், அதற்குக் காத்திராமல் முடிவெடுக்க 13-ஆம் பிரிவு உரிம அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. அதை நினைவூட்டுக் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். சொத்து போதாது என்பதை மட்டுமே காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் இருப்பதால், தபால் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு உத்தரவில் உள்ள தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இந்த அலைச்சலில் பாதி தேவையில்லை. அவருக்கு 70 வயது நிறைந்திருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் விரும்பும் வாரிசைத் தாமே குறிப்பிட்டு உரிமம் கோர அதே 25-ஆவது விதி இடம் தருகிறது. அவரே அலுவலர் முன் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது, வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலக வாசலில் நிற்க வேண்டியதில்லை.