வெறும் கொக்கியோடு இரண்டு நிமிடம்

சில ஆண்டுகளுக்கு முன், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஓர் இயந்திரப் பட்டறையிலிருந்து திங்கட்கிழமை காலையில் எனக்கு அழைப்பு வந்தது. 1 டன் மின்சாரச் சங்கிலி ஹாய்ஸ்ட்டின் (உயரே மாட்டி, சங்கிலியால் சுமையைத் தூக்கும் மோட்டார்க் கருவியின்) கொக்கி மேலே போய் அதன் உடம்பிலேயே மோதி நின்றுவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது, ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள ஒரு கியர்பாக்ஸ் உறை இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் விலக்கி நிறுத்தி, ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுவந்து சுமையைக் கீழிருந்து தாங்கவைத்த பிறகே ஹாய்ஸ்ட்டைத் தொட்டோம். சங்கிலியை நேராக உள்ளே செலுத்தும் வழிகாட்டி உடைந்திருந்தது. சங்கிலியில் இரண்டு கண்ணிகள் கண்ணுக்குத் தெரியும்படி நீண்டிருந்தன.

அதை இயக்கிய பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவர் சொன்னார்: "காலையிலேயே பட்டன் மாறித்தான் சார் வேலை செஞ்சுது. மேலேன்னு அழுத்தினா கீழே வந்துச்சு. சரி, மாத்தி அழுத்திக்கலாம்னு விட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டறையில் மின் பேனலுக்கு வரும் கேபிளை மாற்றியிருக்கிறார்கள். மின்சாரம் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறிவிட்டன. அப்படி மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், அதே நொடியில், கொக்கியை எல்லையில் தானாக நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச்சும் பயனற்றுப் போகிறது என்பதை, நான் சந்தித்தவர்களில் ஹாய்ஸ்ட்டை இயக்குபவர்கள் மிகச் சிலரே அறிந்திருந்தார்கள். கொக்கி உச்சிக்கு வந்ததும் மேல் லிமிட் ஸ்விட்ச் துண்டிப்பது 'மேலே' என்ற கட்டளைக்கான சுற்றை மட்டுமே. பேஸ் மாறியிருக்கும்போது சுமையை மேலே இழுத்துக்கொண்டிருப்பது 'கீழே' என்ற சுற்று. அதைத் தடுக்க அந்த உச்சியில் எதுவும் இல்லை. ஆகவே கொக்கி முழு விசையோடு ஹாய்ஸ்ட்டின் உடம்பில் போய் மோதுகிறது. இதைச் சரிசெய்ய, மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் இரண்டு பேஸ்களை இடம் மாற்ற வேண்டும். பெண்டன்ட்டை, அதாவது கையில் பிடித்து இயக்கும் தொங்கு பட்டன் பெட்டியைத் திறந்து, பட்டன் ஒயர்களை மாற்றிக் கொடுப்பது, அதே ஆபத்தை நிரந்தரமாக்கி மூடி வைப்பதாகும். அப்படி மாற்றிவைத்த பெண்டன்ட்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பேஸ் வரிசை மாறினால் ஹாய்ஸ்ட்டை இயங்கவே விடாத ரிலே என்ற தானியங்கி ஸ்விட்ச் ஒன்று உண்டு. ஒரு சங்கிலியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு பெரிதல்ல.

அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. 'பட்டனை அழுத்து, தூக்கும்' என்பதற்கு மேல் அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் போகும் ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்றை வற்புறுத்துகிறேன். வேலை தொடங்கும் முன், சுமை எதுவும் மாட்டாமல், வெறும் கொக்கியோடு ஹாய்ஸ்ட்டை இரண்டு நிமிடம் இயக்கிப் பாருங்கள். 'மேலே' என்றால் மேலே போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போகவில்லையென்றால் அங்கேயே நிறுத்தி, மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, மின்பணியாளரை அழைக்க வேண்டும். சரியாகப் போகிறதென்றால், பட்டனை விட்டு விட்டு அழுத்தி, கொக்கியை மெதுவாக உச்சிக்குக் கொண்டுசென்று லிமிட் ஸ்விட்ச் நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கைவிட்டதும் கொக்கி உடனே நிற்கிறதா, சிவப்பு நிற அவசர நிறுத்தப் பட்டன் எல்லாவற்றையும் துண்டிக்கிறதா என்பவற்றையும் அப்போதே சோதிக்கலாம். லிமிட் ஸ்விட்ச் என்பது கடைசிக் காவல். நாள் முழுவதும் ஒவ்வொரு முறையும் அதில் முட்டவைத்தே நிறுத்துகிறவர்கள் அதைத் தேய்த்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் கண் சங்கிலியின் மீது இருக்கட்டும். திருவொற்றியூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று சங்கிலியை விரைவில் துருப்பிடிக்க வைக்கிறது. ஆனால் வெளிப்புறத் துருவைவிட, இரண்டு கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உட்புறத்தில் ஏற்படும் தேய்மானமே முதன்மையானது. தொங்கும் சங்கிலியைப் பார்த்தால் அது தெரியாது. சங்கிலியைத் தளர்த்தி, கண்ணியைச் சற்றுத் திருப்பினால்தான் அந்தப் பளபளப்பான பள்ளம் தென்படும். எண்ணெய் விட வேண்டிய இடமும் அதுவே. சுமை இல்லாமல் தளர்ந்திருக்கும்போது விட்டால்தான் உள்ளே இறங்கும். தேய்மானத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். எல்லையைத் தாண்டிய சங்கிலியை மாற்றியே ஆக வேண்டும். சங்கிலி வெப்பப் பதம் ஏற்றிய உலோகக்கலவை எஃகு என்பதால், பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்டிய கண்ணி தன் பலத்தை இழந்துவிடும்.

இரட்டைச் சங்கிலியில் தொங்கும் ஹாய்ஸ்ட்டுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொக்கியைத் தரையில் போட்டு வைத்திருந்தால், யாராவது அதைத் தூக்கும்போது இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவே ஒருமுறை புரட்டிவிடுவதுண்டு. அதன் பிறகு சங்கிலி முறுக்கிக்கொண்டே ஏறும். கண்ணிகளில் தயாரிப்பின்போதே விழுந்த வெல்டிங் தழும்புகள் வரிசை தவறாமல் தெரிகின்றனவா என்று மேலிருந்து கீழாகப் பார்த்தால் இந்த முறுக்கு உடனே பிடிபடும்.

சுமை மாட்டிய பிறகு நடக்கும் தவறுகளில் நான் மிகுதியாகக் கண்டது பக்கவாட்டு இழுப்பு. சுமை ஒரு மூலையில் இருக்கும், ஹாய்ஸ்ட் அதற்கு நேர்மேலே வராது; சங்கிலியைச் சாய்வாக இழுத்து மாட்டிப் பட்டனை அழுத்துவார்கள். சுமை தரையை விட்ட கணத்தில் ஊஞ்சலைப் போல வீசி, வழியில் நிற்பவரைச் சுவரோடு சேர்த்துவிடும். சங்கிலியும் தன் வழிகாட்டியிலிருந்து விலகப் பார்க்கும். சுமையை நேர்க்கீழே நகர்த்தி வைத்துவிட்டே தூக்க வேண்டும். இதற்கு மாற்று வழி இல்லை.

சுமையைக் கொக்கியில் மாட்டும் பெல்ட்டான ஸ்லிங்கின் கோணத்தையும் எடையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 1 டன் சுமையை இரண்டு கால் ஸ்லிங்கில் ஏறத்தாழ நேராகத் தொங்கவிட்டால் ஒவ்வொரு காலும் 500 கிலோ தாங்கும். கால்களுக்கு இடையிலான கோணம் 90 டிகிரியானால் ஒவ்வொன்றிலும் சுமார் 707 கிலோ விழும். 120 டிகிரியானால் ஒவ்வொரு காலும் முழு 1,000 கிலோவைச் சுமக்கும். ஹாய்ஸ்ட்டுக்கு 1 டன் பெரிதில்லை என்றாலும் பெல்ட்டுக்குப் பெரிதாக இருக்கலாம். ஹாய்ஸ்ட்டின் சங்கிலியையே சுமையைச் சுற்றிக் கட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள். தரையிலிருந்து நாலு விரற்கடை தூக்கி நிறுத்தி, சுமை தானாக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்த பிறகே மேலே கொண்டுசெல்லுங்கள். சுமையைக் கையால் பிடிக்காமல் கயிறு கட்டி வழிநடத்துங்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தூக்கு கருவிகளையும் சங்கிலிகளையும் தகுதி பெற்ற நபர் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும், பாதுகாப்பான சுமை அளவைக் கருவியின்மேல் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்றும் வகுத்தது. பிசுக்கும் தூசியும் படிந்து அந்த எழுத்தே தெரியாத ஹாய்ஸ்ட்டுகளை நான் மணலியில் பலமுறை துணியால் துடைத்துப் படித்திருக்கிறேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் இன்று இங்கே வேலை செய்வதால், எடையை எண்ணாலும் திசையை அம்புக்குறியாலும் பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

வேலை முடிந்ததும் கொக்கியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு மெயின் ஸ்விட்ச்சை அணையுங்கள். சுமையைத் தொங்கவிட்டுவிட்டுத் தேநீருக்குக்கூடப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை ஒழுகும் பட்டறைகளில் பெண்டன்ட்டுக்குள் நீர் இறங்கும். அப்போது பட்டனைத் தொட்டவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படலாம், அழுத்தாமலே ஹாய்ஸ்ட் நகரவும் செய்யலாம். நனைந்த பெண்டன்ட்டை வெயிலில் காயவைத்து மாட்டிக்கொள்வது போதாது. மின்பணியாளர் அதைத் திறந்து, உலர்த்தி, ரப்பர் உறையையும் கேபிள் நுழையும் இடத்தையும் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த ஹாய்ஸ்ட்டைப் பூட்டி வையுங்கள்.