கியூஆர்பி: குறைதிறனா, சிறுதிறனா?

பொழுதுபோக்காக நடத்தப்படும் அமெச்சூர் வானொலியில் ‘கியூஆர்பி’ என்ற சொல் இன்று மிகச் சில வாட்டில் இயங்கும் நிலையத்தையும், சில வேளைகளில் அந்தக் கருவியையுமே குறிக்கிறது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடுமுன் அதன் கதையைப் பார்க்கலாம். பிறந்தபோது அது பெயர்ச்சொல்லாக இருக்கவில்லை. வினாவாகவும் ஏவலாகவும் இருந்தது. 1912இல் லண்டனில் கூடிய பன்னாட்டு வானொலித்தந்தி மாநாடு ஏற்றுக்கொண்ட, ‘கியூ’வில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளின் பட்டியலில், கேள்விக்குறியோடு வந்தால் ‘திறனைக் குறைக்கட்டுமா?’ என்றும், தனித்து வந்தால் ‘திறனைக் குறையுங்கள்’ என்றும் அதற்குப் பொருள். புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்சில் ‘டா டா டி டா, டி டா டி, டி டா டா டி’ என்று தட்டிவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

கடைசியில் நிற்கும் ‘பி’ என்ற எழுத்து, திறனைக் குறிக்கும் ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று சிலர் விளக்குவதுண்டு. அது தற்செயலான பொருத்தமே. பட்டியலில் கியூஆர்ஓ என்றால் திறனைக் கூட்டுதல், அடுத்து வரும் கியூஆர்பி என்றால் குறைத்தல், அதற்கடுத்த கியூஆர்கியூ என்றால் வேகமாக அனுப்புதல். எழுத்துகள் வரிசைப்படி வந்திருக்கின்றனவே தவிர, எதற்கும் சுருக்கமாக வரவில்லை.

ஏவலாக இருந்தவரை அச்சொல்லுக்கு எண் எதுவும் தேவைப்படவில்லை. பெயர்ச்சொல்லான பிறகுதான் ‘எத்தனை வாட்டுக்குள்?’ என்ற கேள்வி எழுந்தது. கியூஆர்பிக்கெனவே 1961இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சங்கம் முதலில் 100 வாட்டையே வரம்பாகக் கொண்டிருந்தது; இன்று அது சாதாரண நிலையக் கருவி ஒன்றின் முழுத் திறன். பின்னர் வழக்கில் நிலைத்த வரம்பு, மோர்சுக்கு 5 வாட், ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) என்ற முறையில் அனுப்பும் பேச்சுக்கு உச்சத் திறனில் 10 வாட் என்பதாகும். பேச்சுக்குச் சலுகை காட்டியதில் நியாயம் இருக்கிறது. பேச்சைக் கேட்க ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலம் வேண்டும். மோர்சுக்கு 500 ஹெர்ட்ஸ் வடிகட்டியே தாராளம் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு இரைச்சலே உள்ளே வரும்.

எவ்வளவு திறன் வேண்டும் என்று முடிவு செய்பவர் வாட்டைப் பார்ப்பதைவிட, எதிர்முனையில் வந்து சேரும் சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் எஸ் அளவியைப் பார்ப்பது நல்லது. அதில் ஒரு படி என்பது 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு திறன். 100 வாட்டில் எஸ்9 காட்டும் ஒருவரிடம் 25 வாட்டுக்கு இறங்கினால் எஸ்8. 6 வாட்டுக்கு இறங்கினால் எஸ்7. அப்போதும் அமைதியான அலைவரிசையில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கும். எதிர்த்திசையில், 100 வாட்டை 1,000 ஆக்குவதற்காகப் பெருக்கிக் கருவி (ஆம்ப்ளிஃபையர்) வாங்குபவருக்குக் கிடைப்பது இரண்டு படிக்கும் குறைவே. ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள் 3 டெசிபெல் இழந்தால் பாதித் திறன் வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது என்பதால், செலவை அங்கே தொடங்குவதே என் பரிந்துரை. இடிமின்னல் இரைச்சல் எஸ்7இல் நிற்கும் இரவில் 5 வாட்டோடு பிடிவாதம் பிடிப்பதும் பயனற்றது. கியூஆர்ஓ என்ற குறியீடும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. போதிய அளவு திறனை மட்டுமே வீச வேண்டும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகளிலும் உள்ளது.

இனித் தமிழ்ச் சொல். வாட்டால் அளக்கப்படுவதைத் தமிழகப் பாடநூல்கள் திறன் என்றும், இலங்கைப் பாடநூல்கள் வலு என்றும் சொல்கின்றன. சக்தி, ஆற்றல் ஆகிய இரண்டும் வேறோர் அளவைக் குறிப்பவை, இங்கே பொருந்தா. ‘குறைதிறன்’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் ‘குறை’ என்பதற்குக் குற்றம் என்றும் பொருள் இருப்பதால், நிலையமோ அதை இயக்குபவரோ ஏதோ திறமைக் குறைவு உடையவர் போலத் தொனிக்கும். சிறுதொழில், சிறுசேமிப்பு என்னும் சொற்களில் வரும் ‘சிறு’ அளவை மட்டுமே சொல்கிறது, யாரையும் தாழ்த்துவதில்லை. ஆகவே பெயர்ச்சொல்லுக்குச் ‘சிறுதிறன்’ என்பதும், நிலையத்துக்குச் ‘சிறுதிறன் நிலையம்’ என்பதும் பொருந்தும். பழைய ஏவற்பொருளுக்குத் ‘திறன் குறைக்க’ என்று எழுதலாம். வினாவுக்குத் ‘திறன் குறைக்கவா?’ போதும். இவை எழுத்துக்கும் பேச்சுக்கும் உரியவை. மோர்சுச் சாவியில் விரல் வைத்தபின் அந்த மூன்றெழுத்தே செல்லும்.