அணு தேயாது, விளக்கு தேயும்

சுங்கை சிப்புட்டில் அமெச்சூர் வானொலி வைத்திருக்கும் தம்பி ஒருவருக்கு 10 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் போக ஆசை. "அண்ணே, இணையத்தில் பழைய ரூபிடியம் பெட்டி விற்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கலாம். ரூபிடியம் அணுவை அளவுகோலாக வைத்து அதிர்வெண்ணைத் துல்லியமாகப் பிடித்து நிறுத்தும் கருவி அது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

வானொலியில் சாதாரணமாக இருப்பது குவார்ட்ஸ் அலையாக்கி, அதாவது குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வால் சீரான அலையை உண்டாக்கும் சுற்று. அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், 10 ஜிகாஹெர்ட்ஸில் 10,000 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். எதிர்முனையில் நண்பர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், நாம் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம். ரூபிடியம் பெட்டியின் பிசகு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்றால், அதே இடத்தில் 1 ஹெர்ட்ஸ்தான் விலகும். 7 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகிறவருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. அங்கே குவார்ட்ஸின் அதே பிசகு வெறும் 7 ஹெர்ட்ஸ்.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் கைப்பேசி கோபுரங்களிலிருந்து வந்தவை. சிடிஎம்ஏ என்ற பழைய கைப்பேசி முறையில் நிலையங்களின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டியாக வேண்டியிருந்தது. ஜிபிஎஸ் சிக்னல் விட்டுப்போனால், அது திரும்பி வரும்வரை நேரத்தைப் பிடித்து வைத்திருக்க உள்ளே ரூபிடியம் இருந்தது. கருவிகளை மாற்றியபோது இவை பழைய சாமானாகி, சீன வியாபாரிகள் வழியாக இணையத்துக்கு வந்தன. அதிகம் கண்ணில் படுவது எஃப்ராடம் நிறுவனத்தின் எல்பிஆர்ஓ-101, ஃப்ரீக்வென்சி எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் எஃப்இ-5680ஏ என்ற இரண்டு மாடல்களும்.

உள்ளே சின்னக் கண்ணாடி விளக்கு ஒன்று, அதில் துளி ரூபிடியம்-87. இந்த அணுவின் அடிமட்ட ஆற்றல் நிலை மிக நெருக்கமான இரண்டு படிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு படியிலிருந்து மற்றதற்குத் தாவ 6,834,682,610.9 ஹெர்ட்ஸ் நுண்ணலை வேண்டும். விளக்கின் ஒளியிலும் இந்த இரு படிகளுக்குரிய இரண்டு கூறுகள் உண்டு. இரண்டும் சேர்ந்து போனால் பயனில்லை, ஒன்றை நீக்க வேண்டும். இங்கே இயற்கை செய்திருக்கும் உதவியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்: ரூபிடியம்-85 என்ற இன்னொரு ஐசோடோப் (அதே தனிமம், அணு எடை மட்டும் வேறு) உறிஞ்சும் ஒளி, அந்த இரண்டில் ஒன்றோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. ஒளியை ரூபிடியம்-85 ஆவி வழியாக விட்டால் போதும், அந்தக் கூறு வடிகட்டப்பட்டுவிடும்.

மிச்ச ஒளி அடுத்த கலத்துக்குள் போகிறது. அங்கிருக்கும் ரூபிடியம்-87 அணுக்களில் கீழ்ப்படியில் உள்ளவற்றை மட்டும் அது இரண்டு படிகளுக்கும் வெகு மேலே உள்ள ஒரு நிலைக்குக் கிளப்பும். கிளம்பிய அணு திரும்பக் கீழ்ப்படியில் விழுந்தால் மறுபடி கிளப்பப்படும். மேற்படியில் விழுந்தால் அங்கேயே தங்கும். கொஞ்ச நேரத்தில் கீழ்ப்படி காலியாகிவிடும். ஒளியை உறிஞ்ச அணு இல்லாததால் பின்னாலிருக்கும் ஒளி உணரியில் வெளிச்சம் கூடும். அணுக்களை ஒளியாலேயே இப்படி ஒரு படியில் சேர்க்கும் முறையைக் கண்டவர் பிரெஞ்சு இயற்பியலாளர் அல்ஃபிரட் காஸ்ட்லர். 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

அப்புறம் கலத்துக்குள் நுண்ணலையைச் செலுத்துகிறார்கள். அது சரியான அதிர்வெண்ணில் இருந்தால் மேற்படியில் உள்ள அணுக்கள் கீழ்ப்படிக்கு இறங்கி மறுபடி ஒளியை உறிஞ்சும், வெளிச்சம் துளி மங்கும். அந்த நுண்ணலையை உண்டாக்குவதும் ஒரு குவார்ட்ஸ்தான். பழைய ரேடியோவில் முள்ளை இப்படியும் அப்படியும் அசைத்து நிலையத்தைப் பிடிப்போமே, அது போல மின்சுற்று அதிர்வெண்ணை இரு பக்கமும் அசைத்து, வெளிச்சம் எங்கே அதிகம் மங்குகிறது என்று பார்த்துக் குவார்ட்ஸை அங்கே நிறுத்துகிறது. இதைத்தான் 'லாக்' ஆவது என்பார்கள். வெளியே வரும் 10 மெகாஹெர்ட்ஸ் அந்தக் குவார்ட்ஸிலிருந்து வருவது.

அணு மாறாதது என்பதால் பெட்டியும் மாறாது என்று நம்பிவிடக் கூடாது. கலத்தில் ரூபிடியத்தோடு நைட்ரஜன் போன்ற வாயுவும் அடைத்திருப்பார்கள். அணுக்கள் கண்ணாடிச் சுவரில் சட்டென்று மோதாமல் அது தடுக்கும். ஆனால் அந்த வாயுவே அதிர்வெண்ணைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் நகர்த்திவிடுகிறது. எவ்வளவு என்பது அடைத்த அழுத்தத்தைப் பொறுத்தது. அதனால்தான் ரூபிடியம் இரண்டாம் நிலைத் தரம், அதாவது இன்னொன்றோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய அளவுகோல். நொடியை வரையறுக்கும் உரிமை 1967 முதல் சீசியத்துக்கு.

பழைய பெட்டியில் முதலில் தளர்வது விளக்கு. வருடக்கணக்கில் எரியும்போது ரூபிடியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிக்குள் ஊறிப்போகும், ஒளி குறையும். எல்பிஆர்ஓ-வில் விளக்கின் நிலையைக் காட்டும் மின்னழுத்தத்தை அளக்கத் தனி முனையே உண்டு. விற்பவரிடம் அந்த அளவைக் கேளுங்கள், லாக் ஆன பிறகு எடுத்த படத்தையும் கேளுங்கள். "வேலை செய்கிறது" என்ற ஒற்றை வரிக்குப் பணம் அனுப்பாதீர்கள். எஃப்இ-5680ஏ-யில் ஒரே பெயரில் பல வகைகள் இருக்கின்றன, முனைகளின் வரிசைகூட மாறும். முதல் பெட்டி வாங்குகிறவருக்கு என் சிபாரிசு 24 வோல்ட் ஒன்றே போதுமான எல்பிஆர்ஓ-தான்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். விளக்கும் கலமும் குறிப்பிட்ட சூட்டில் நிற்க உள்ளே ஹீட்டர் இருக்கிறது; ஆறவைக்க ஒன்றும் இல்லை. பெட்டியின் அடித்தட்டு, அளவுக்கு மேல் சூடானால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். தகரக் கூரைக்குக் கீழே, செம்பனைத் தோட்டத்தைப் பார்த்த அறையில், மதியம் 2 மணிக்கு இது நடக்கலாம். தடித்த அலுமினியத் தகட்டில் பெட்டியைத் திருகி, சின்ன விசிறி ஒன்று வையுங்கள்.

மின்சாரம் கொடுத்துச் சில நிமிடங்களில் லாக் ஆக வேண்டும். அதற்கு முன் அதிர்வெண் மேலும் கீழும் தேடி அலையும், அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) அது தெரியும். லாக் ஆனதும் அளக்க ஆரம்பிக்காமல் ஒரு நாள் ஓடவிடுங்கள். பிறகு ஜிபிஎஸ்ஸால் திருத்தப்படும் அலையாக்கி ஒன்றை அலைக்காட்டியின் இரண்டாவது சேனலில் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைக்கு ஆகும் நேரம் 100 நானோநொடி. ஓர் அலை மற்றதைவிட ஒரு முழு அலை நகர 1,000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம் எடுத்தால் பிசகு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. 10,000 நொடி எடுத்தால் அதிலும் பத்தில் ஒன்று. பெட்டியின் அதிர்வெண்ணைத் திருத்தும் திருகாணியைத் துளி திருப்பி, மறுபடி காத்திருந்து பாருங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டியிருக்கும்.