வேட்டிக்குப் பின்னால் ஒரு பல்பு

மதுரை செல்லூரில் இருக்கும் என் அக்கா மகள், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் சுங்குடிப் புடவைகளைத் தானே கட்டி நின்று படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் விற்கிறாள். வேலையெல்லாம் முடிந்து ராத்திரிதான் அவளுக்கு நேரம் கிடைக்கும். "மாமா, மூக்கு நிழல் உதட்டு மேல மீசை மாதிரி விழுது. நல்ல லைட் வாங்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து வரச் சொன்னேன்.

நிழலின் ஓரத்தில் ஓர் எறும்பு உட்கார்ந்து விளக்கைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கு சின்னதாக இருந்தால், எறும்பு ஓர் எட்டு இந்தப் பக்கம் எடுத்து வைத்ததும் பல்பு முழுசாகத் தெரியும். அந்தப் பக்கம் வைத்தால் மூக்கு மறைத்துவிடும். அதனால்தான் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. விளக்கு ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தால் எறும்பு நகர நகர அது முக்கால், பாதி, கால் என்று கொஞ்சம் கொஞ்சமாக மறையும். நிழலும் அப்படியே படிப்படியாகக் கரையும். வெளிச்சம் மென்மையாக இருப்பதற்கு விளக்கின் விலை காரணமே இல்லை. முகத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு.

சூரியனைப் பாருங்கள். சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவு. ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 6 சென்டிமீட்டர் பல்பை ஆறரை மீட்டர் தூரத்தில் வைத்தால் எவ்வளவு தெரியுமோ, சூரியன் நமக்கு அவ்வளவுதான். அதனால்தான் திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் உச்சி வெயிலில் நிற்பவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுகிறது. நாலு எட்டு வைத்துத் தூண்களுக்குள் வந்து வெளியே பார்த்து நிற்கட்டும், அதே முகம் அழகாகிவிடும். அங்கே முகத்துக்கு விளக்கு சூரியன் இல்லை; வானமும் வெயில் பட்ட முற்றமும்தான்.

அந்த முற்றத்தின் வேலையைத்தான் வீட்டுக்குள் வேட்டி செய்கிறது. பருத்தி இழையைத் தனியாக எடுத்தால் அது கிட்டத்தட்ட நிறமில்லாத, ஒளி ஊடுருவும் பொருள். ஆனால் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. காற்றிலிருந்து இழைக்கு, இழையிலிருந்து காற்றுக்கு என்று மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒளி வளைகிறது, தெறிக்கிறது. பல தடவை திசை மாறி எல்லாப் பக்கமும் சிதறி வெளியே வரும்போது வேட்டி முழுவதுமே விளக்காகிவிடுகிறது. அதே வேட்டியை நனைத்தால் உடம்பு தெரிகிறதே, ஏன்? காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீருக்கும் பருத்திக்கும் ஒளியை வளைப்பதில் வித்தியாசம் குறைவு, அதனால் சிதறலும் குறைகிறது. மதுரை மல்லியின் வெள்ளையும் இதே கதைதான். இதழுக்குள் இருக்கும் காற்றிடைவெளிகள்தான் அந்த வெள்ளை. ஓர் இதழை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். காற்று போய், இதழ் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும்.

சரி, கட்டுவது எப்படி? நாலு முழ வேட்டியை ஒற்றையாகக் கொடியில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் இரண்டடி தள்ளி 12 வாட் எல்இடி பல்பு இரண்டை ஹோல்டரில் மாட்டினோம். இந்த இரண்டடி முக்கியம். பல்பைத் துணியோடு ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் எரியும். வேட்டி எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. ஹாலஜன் விளக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் துணி தீப்பிடிக்கக்கூடும். முகத்தின் மறுபக்கம் ஒரு தெர்மாக்கோல் அட்டையைச் சாய்த்து வைத்தோம். அதுவும் காற்றுக்குமிழ்களால் வெளுத்த பொருள்தான். தன்மேல் விழும் வெளிச்சத்தை நிழல் பக்கத்துக்குத் திருப்பிவிடும்.

துணி நிறைய வெளிச்சத்தை விழுங்கும். அதற்காகப் பெரிய பல்பு தேட வேண்டாம், ஆளை வேட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாலே போதும். கிட்டே வர வர வெளிச்சமும் கூடும், வேட்டியும் பெரிதாகத் தெரியும்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வந்தால் மின்சாரம்தான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று மலிவான எல்இடி விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் அடங்கிவிடும். அப்புறம், அறையில் எரியும் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் அரக்குப் புடவை என்ன நிறமென்றே சொல்ல முடியாது.

முகம் நன்றாக வந்தது, மீசை போய்விட்டது. ஆனால் புடவையைக் கிட்டத்தில் எடுத்த படம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "அச்சடிச்ச புள்ளி மாதிரி இருக்கு மாமா" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கையால் முடிச்சுப் போட்டு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகப் புடைத்து நிற்கும். எல்லாப் பக்கமும் வெளிச்சம் விழுந்ததால் அந்தப் புடைப்புக்கு நிழலே இல்லை. வேட்டியை விலக்கி, புடவையைத் தரையில் விரித்து, ஒரு பல்பை மட்டும் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் வைத்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நிழல் எழுந்தது.