காயம் உதட்டில், ஊசி ஏன் கன்னத்தில்?

வியாசர்பாடி மைதானத்தில் தலையோடு தலை மோதி மேலுதடு கிழிந்த பையன்கள், காசிமேட்டில் தூண்டில் முள் கன்னத்தில் ஏறியவர்கள், எண்ணூர் சாலையில் பைக் சறுக்கி விழுந்தவர்கள். வடசென்னையில் முகக்காயம் தைக்கிற டாக்டரிடம் வருபவர்கள் இவர்கள்தான். மரத்துப்போகிற ஊசியைக் காயத்தை விட்டுத் தள்ளிப் போட்டால், உடன் வந்தவர்கள் பதறுகிறார்கள். "சார், அடி உதட்டுல, நீங்க எங்க குத்துறீங்க?"

நியாயமான கேள்வி. கிழிந்த உதட்டிலேயே மருந்தை ஏற்றினால் உதடு உப்பிவிடும். சிவப்பு உதடும் தோலும் சேரும் ஓரக்கோடு 1 மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரே உட்கார்ந்து பேசுபவர் கண்ணில் படும். உப்பிய உதட்டில் அதை எப்படிப் பொருத்துவது? அதனால்தான் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை, அது எலும்பை விட்டு வெளியே வரும் வாசலிலேயே மரக்கச் செய்கிறோம்.

நேராகப் பார்க்கச் சொன்னால், கண்மணி வழியே மேலும் கீழும் போகும் கோட்டில், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் வெளியே வரும் மூன்று வாசல்களும் ஏறக்குறைய அமையும். புருவ எலும்பில் உள்ள பள்ளம் நெற்றிக்கு. கண்குழியின் கீழ் விளிம்புக்குச் சுமார் 1 செ.மீ. கீழே உள்ள துளை கீழிமை, மூக்கோரம், மேலுதட்டுக்கு. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே உள்ளது கீழுதட்டுக்கும் முகவாய்க்கும்.

புத்தகத்து அளவு தொடக்கம்தான், முடிவு விரலில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே எலும்பு விளிம்பைத் தடவி இறங்கினால் விரல்நுனி ஒரு சின்னக் குழியில் உட்காரும். அழுத்தினால் நோயாளி முகம் சுளிப்பார். பல் கொட்டிய ஆயாக்களுக்குக் கீழ்த்தாடையின் மேல்விளிம்பு தேய்ந்து, அங்குள்ள துளை அந்த விளிம்பை நெருங்கிவிடும். பெரியவர்களின் அளவு குழந்தைகளுக்கும் பொருந்தாது.

மேலுதட்டுக்கு நான் வாய்க்குள் இருந்தே போடுவேன். கோரைப்பல்லுக்கு மேலே, ஈறும் உதடும் சேரும் மடிப்பில் ஊசி நுழையும். மற்றக் கையின் விரல் கண்ணுக்குக் கீழுள்ள எலும்பை விட்டு அசையாது. அதுதான் கண்ணுக்குக் காவல். ஊசி துளைக்குள் போகக் கூடாது, நரம்பு அடிபடும். சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, துளையருகே 2 மி.லி. மெதுவாக. நடு உதட்டில் காயமென்றால் இரண்டு பக்கமும் போட வேண்டும். போட்டபின் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஊசிக்கு முன்பே தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவிடுங்கள் என்று ஜூனியர்களிடம் விடாமல் சொல்கிறேன். பிறகு பார்த்தால் மரமரப்பு விபத்தாலா, மருந்தாலா என்றே தெரியாது.

அடிபட்டு வருகிறவர்களுக்கு: காயத்தில் காபித்தூள் வைக்காதீர்கள், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து வாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, முன்பு எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, தாடையில் பிளேட் இருக்கிறதா என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தைத்தபின் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். சூடான டீ வேண்டாம். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே இருங்கள். மறுநாளும் மரமரப்பு போகவில்லை என்றால் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் உடனே வாருங்கள்.