‘நடிக்கிறான்’ என்று சொல்லுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை

சென்ற வாரம், நீலகிரி மாவட்டக் கூடலூரிலிருந்து குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் பெயர்ந்த பணியர் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் தாய், தம் 19 வயது மகனைக் கோவைக்கு அழைத்து வந்திருந்தார். பாலித்தீன் பையிலிருந்து ஐந்து ஓபி சீட்டுகளை எடுத்து என் மேசைமேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தார். ஐந்திலும் ‘உடல்வலி’ என்றே எழுதியிருந்தது. மருந்தும் மாறவில்லை, பாரசிட்டமாலும் இரும்புச்சத்து மாத்திரையும்தான். ஐந்தாம் முறை போனபோது, ‘ஏம்மா, உம் பையன் ஊசிக்காக நடிக்கிறான், கூட்டிட்டுப் போ’ என்று சொல்லித் திருப்பியனுப்பியிருக்கிறார்கள். இளைஞரின் கண்கள் மஞ்சளாக இருந்தன. தொடையில் கை வைக்க விடவில்லை. பரிசோதனை முடிவு நான் அஞ்சியபடியே வந்தது: அரிவாள் செல் இரத்தசோகை. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலி தரும் பரம்பரை நோய் இது.

இப்படி வருபவர்களில் இவர் முதலாமவர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் இந்த நோய்க்கான மரபணு முதன்முதலில் பதிவானதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான், 1952ஆம் ஆண்டில். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே மலையிலிருந்து வலியோடு வருபவருக்கு இந்தச் சோதனையைச் செய்யத் தோன்றவில்லையென்றால், அறியாமை யாருடையது?

ஏனெனில் நான் அதிகம் கேட்கும் விளக்கம், ‘அவங்க ஆஸ்பத்திரிக்கே வர மாட்டாங்க சார், மூடநம்பிக்கை’ என்பதுதான். படித்தவர்கள் சொல்கிறார்கள், என் துறையினரும் சொல்கிறார்கள். ஐந்து முறை வந்தவரின் ஐந்து சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பது எனக்குச் சலித்துவிட்டது. மருத்துவமனைக்கு வரும் நாளில் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் இருவருக்கு வேண்டும். வீட்டில் விட்டு வரும் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வந்து சேர்ந்தபின் அவர்களுடைய மொழி எங்களுக்குப் புரிவதில்லை, எங்கள் அதட்டல் மட்டும் அவர்களுக்கு நன்றாகப் புரிந்துவிடுகிறது. இவ்வளவையும் கடந்து ஒருவர் ஒருமுறை வந்தாலே அது பெரிய நம்பிக்கை.

நம்பிக்கையில்லை என்று சொல்பவர்கள் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 1986இல் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் கிராமச் சுகாதாரப் பணியிலிருந்து 1990இல் பிறந்த அஸ்வினி என்ற தொண்டு நிறுவனம் அதை நடத்துகிறது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் சமூகங்களைச் சேர்ந்த பெண்களுக்கே அவர்கள் செவிலியர் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிப்படிப்பு குறைவு என்பதைத் தடையாகக் கருதவில்லை. ஊரில் ஒரு சுகாதாரப் பணியாளர், பகுதிக்கு ஒரு மையம், அதற்கு மேல் மருத்துவமனை என்ற அடுக்கு இருப்பதால், வலி வந்தவருக்கு முதலில் பதில் சொல்பவர் அவர் மொழி பேசுபவராக இருக்கிறார். நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1992இல், பழங்குடியினருக்குக் குழுக் காப்பீட்டையும் ஏற்பாடு செய்தார்கள். அரிவாள் செல் நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து தொடர்ந்து கவனிப்பதும் இதே அமைப்பின் வேலைதான். சுகாதாரச் சமத்துவம் என்று கருத்தரங்குகளில் நாம் நீட்டி முழக்குவது நடைமுறையில் இவ்வளவுதான். ஆனால் எஸ்டேட் மாறிப் போகும் குடும்பம் அந்தப் பதிவேட்டிலிருந்து விடுபட்டுவிடுகிறது. என்னிடம் வந்த இளைஞருக்கு நேர்ந்ததும் அதுதான்.

மருத்துவ நண்பர்களுக்கு: மலைப்பகுதிப் பழங்குடி நோயாளி எலும்பு வலியோடும் மஞ்சள் கண்ணோடும் வந்தால் சோதனைக்கு எழுதுங்கள். இரும்புச்சத்து குறைவு என்று உறுதியாகாமல் இரும்பு மாத்திரையை நீட்டாதீர்கள். அந்தச் சோகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. வலி கடுமையானது, அதற்கேற்ற வலுவான மருந்து கொடுக்கத் தயங்காதீர்கள்.

குடும்பத்தினருக்கு: தண்ணீர் தாராளமாகக் குடிக்கச் சொல்லுங்கள். மழையிலும் குளிரிலும் நனைய விடாதீர்கள், கூடலூரின் ஆடி மாதக் குளிரே வலியைத் தூண்டப் போதுமானது. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில், தொற்றை எதிர்க்க உதவும் மண்ணீரல் பழுதாகிவிடுவதால் சாதாரணத் தொற்றே ஒரு குழந்தையைச் சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடக்கூடும். கண் மஞ்சளைக் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லியோடு நிறுத்திவிடாதீர்கள். வலி அடிக்கடி வராமல் தடுக்கக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை வலி குறைந்ததும் விட்டுவிடாமல், இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே தொடர வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் அவருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. அவரை ஒதுக்காதீர்கள். அத்தகைய இருவர் மணம் முடித்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதால், திருமணத்துக்கு முன் சோதித்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 2023 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தில் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். முகாம் வந்தால் போங்கள்.

அந்தத் தாய்க்கு மேலும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வரச் சொன்னபோது, ‘மூணு பேருக்குப் பஸ் காசு’ என்று மட்டும் சொன்னார். எங்கள் ஆய்வகத் தொழில்நுட்பர் வரும் திங்கட்கிழமை சாம்பிள் குழாய்களை எடுத்துக்கொண்டு அந்த எஸ்டேட் லைனுக்கே போகிறார்.