பிறவியா, கருவிலா?

பெரியம்மா கையில் வைத்திருந்த புறநோயாளிச் சீட்டில் ‘எவ்வளவு காலமாக?’ என்ற இடத்துக்கு நேரே ஒரே ஒரு சொல்: பிறவி. அண்ணனுக்கு அப்போது 38 வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. இரு கண்ணிலும் புரையோடு பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது எழும்பூர் கண் மருத்துவமனையில் அறுவை செய்ததில் ஒரு கண்ணுக்கு ஓரளவு பார்வை கிடைத்தது. இரண்டு மாதமாக அவர் நடுஇரவில் எழுந்து வந்து, பெரியம்மாவைத் தட்டி எழுப்பி, செம்பைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. சீட்டைப் பார்த்த மருத்துவர் “பிறவிக் குறைதானே அம்மா” என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். பத்து நாள் கழித்துத் தெருமுனைப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்தபோதுதான் சர்க்கரை என்று தெரிந்தது.

மருத்துவரை விட அந்தச் சொல்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

‘கன்ஜெனிட்டல்’ என்பதைத்தான் நாம் பிறவி என்று எழுதுகிறோம். அது லத்தீன் வழி வந்த சொல். ‘கான்’ என்றால் உடன், ‘ஜெனிட்டஸ்’ என்றால் பிறந்தது. நேர்ப்பொருள் உடன்பிறந்தது என்பதுதான். ஆனால் தமிழ்நாட்டில் உடன்பிறப்பு என்ற சொல்லை நோய்க்குக் கொடுக்க முடியாது. அது எப்போதோ கட்சி மேடையேறிவிட்டது. அதனால் பிறவி வந்து உட்கார்ந்தது. லத்தீன் சொல் பிறக்கும்போதே இருந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. நம் பிறவி அப்படி நிற்பதில்லை. போன பிறவி, மறுபிறவி என்று வினைக்கணக்கை இழுத்து வருகிறது. பிறவிக் கலைஞன், பிறவிக் குணம் என்னும்போது மாறாத இயல்பு என்றும் ஆகிறது. பிறவிக் குணம் கட்டையோடுதான் போகும் என்கிறோம். கேட்பவர் காதில் மூன்றாவதாக ஒரு பொருளும் விழுகிறது: பரம்பரை. “சொந்தத்தில் கட்டினீர்களா?” என்ற கேள்விக்குப் பெரியம்மா 38 ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறார். பெரியப்பா அசல்.

அண்ணனுக்கு நேர்ந்தது வினையும் அல்ல, பரம்பரையும் அல்ல. எழும்பூர்க் கோப்பின் பழுத்த தாளில் ஒரு மருத்துவர் அன்றைக்கே ‘ருபெல்லா’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். லத்தீனில் செந்நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1866-இல் ஹென்றி வீல் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர், இந்தியாவில் பரவிய ஒரு நோயைப் பற்றி எழுதும்போது சூட்டியது. ஜெர்மன் மருத்துவர்கள் முன்பே அதை விவரித்திருந்ததால் ஜெர்மன் தட்டம்மை என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் வீடுகளில் இதைத் தனியாக யார் பிரித்துப் பார்த்தார்கள்? சிவந்த பொரி கண்டால் மணல்வாரி; வேப்பிலை, இளநீர், மூன்றாம் தண்ணீர்.

கர்ப்பிணிக்கு இது சில நாள் காய்ச்சலோடு போய்விடும். கருவுக்கு அப்படி இல்லை. முதல் மூன்று மாதங்களில் கண், காது, இதயம் எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும் வேளையில் வைரஸ் உள்ளே போய்விடுகிறது. 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து, அவர்களுடைய தாய்மார்களில் பெரும்பாலானோருக்குக் கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததை எடுத்துக்காட்டினார். அந்தத் தலைமுறைக் குழந்தைகளை அங்குள்ள மருத்துவர்கள் 60 வயது வரை விடாமல் கவனித்து வந்தார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு நீரிழிவு, தைராய்டு கோளாறு, எலும்புத் தேய்வு ஆகியவை மற்றவர்களை விடக் கூடுதலாக வந்தன. கண் அழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் பார்வையும் போகலாம். கேட்கும் திறன் மேலும் குறையலாம். ‘பிறவி’ என்று எழுதியவுடன் கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. உண்மையில் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்படி வயதான பிறகு தலைகாட்டுவதைப் பின்விளைவு என்று சொல்லத் தயங்குகிறேன். அறிக்கைகளில் ‘பின்விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்று மிரட்டி மிரட்டி அந்தச் சொல் முரடாகிவிட்டது. பின்வெளிப்பாடு என்றால் போதும். அண்ணனின் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘கன்ஜெனிட்டல் ருபெல்லா சிண்ட்ரோம்’ என்று பெயர். ‘சிண்ட்ரோம்’ என்பது கிரேக்கத்தில் சேர்ந்து ஓடுவது. கூட்டறிகுறி அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. நோய்த்தொகை என்பதும் பிழையில்லை, ஆனால் காப்பீட்டுக் கவுண்டரில் அதைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு தொகை என்று கேட்பார்கள்.

இனி, கன்ஜெனிட்டலுக்கு என்ன? தாய்வழித் தொற்று என்பது பழியைத் தூக்கித் தாயின் தலையில் வைக்கிறது. கருத்தொற்று சுருக்கமானதுதான், கண்ணில் பட்டவுடன் கருத்து, ஒற்று என்று பிரிந்து உளவுத் துறை வேலைபோல ஆகிவிடுகிறது. சூற்காலத் தொற்று அழகு. சூல்கொண்ட மேகத்தை அறிந்தவர்களுக்குப் புரியும், சீட்டு எழுதுபவருக்குப் புரியாது. கலைச்சொல்லாகக் கருக்காலத் தொற்று இருக்கட்டும். யாரையும் குற்றம் சொல்லாமல் எப்போது என்று மட்டும் சொல்கிறது. பேச்சுக்கும் சீட்டுக்கும் ‘கருவில் தொற்றிய ருபெல்லா’ போதும். பிறவி இதய நோய் போன்ற வழக்குகளில் நான் கைவைக்கவில்லை. காரணம் ஒரு தொற்று என்று தெரிந்த இடத்தில் அதை மறைக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

பராமரிப்பின் பெயரிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. குழந்தைகள் நலப் பிரிவு உண்டு, முதியோர் நலப் பிரிவு உண்டு. நடுவில் 38 வயதில், காதும் கண்ணும் சேர்ந்து குறைந்த ஒருவர் எந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்பது? ‘அடல்ட் கேர்’ என்பதைப் பெரியோர் பராமரிப்பு என்று மொழிபெயர்த்தால் முதியோர் இல்லம் நினைவுக்கு வருகிறது. வளர்ந்தோர் தொடர்கவனிப்பு என்று நான் எழுதுகிறேன். ஆண்டுதோறும் சர்க்கரை, தைராய்டு, கண் அழுத்தம், செவித்திறன் பார்ப்பது என்று பொருள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் செவியும் பார்வையும் சேர்ந்து குறைந்த நிலைக்கும் இடம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று இயங்குகிறது. தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டோருக்குத் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்துவிட்ட அண்ணன் போன்றவர்களுக்கு இந்தக் கவனிப்புதான் மிச்சம்.

அடுத்த முறை வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். சீட்டை நானே வாங்கி நிரப்பினேன். இளம் மருத்துவர் ‘கருவில் தொற்றிய ருபெல்லா’ என்பதை ஒரு முறைக்கு இரு முறை படித்தார். பிறகு அண்ணனை விட்டுவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்து, “காய்ச்சல் வந்தபோது உங்களுக்கு எத்தனையாவது மாதம், அம்மா?” என்று கேட்டார்.

“மூன்று முடியவில்லை” என்றார் பெரியம்மா. “கழுத்தில்தான் முதலில் சிவந்தது.”